கறுப்புச் சீவல்

12 சனவரி 1993, செவ்வாய்

விடியப்புறம் தூறல். பங்கர்க் குழிக்குள் மறுபடியும் முழங்கால் தண்ணீர். நானும் லூர்து மச்சாளும் வாளியால் அள்ளி ஊற்றினோம். ஒரு மண்படி கரைந்து போய்விட்டது. மேலே போட்ட பனங்குற்றிகள் மட்டும் அசையவில்லை, புண்ணியம்.

நேற்று நடந்ததை எழுதாவிட்டால் நெஞ்சு ஆறாது. பின்னேரம் குண்டு போடுகிற பொம்பர் வந்தது. அடுப்பில் சோறு. வழக்கம்போல் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றினேன். புகை கண்டால் மேலே இருப்பவனுக்கு ஆள் இருப்பது தெரிந்துவிடுமாம். இந்த ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இதுதான் பழக்கம். சத்தம் கேட்டால் சட்டியை இறக்கு, அடுப்பை அணை, ஓடு. ஓடினோம். இவர் மட்டும் கொட்டில் வாசலில் கப்புத் தூணைப் பிடித்தபடி நின்றார்.

"நீர் போம், நான் வாறன்."

வாறன் வாறன் என்று அவர் நாலடி வைப்பதற்குள் பொம்பர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டது. திரும்பி ஓடிப்போய் இழுத்தேன். இழுத்தால் வருகிற உடம்பா அது? இரண்டு பேரும் முற்றத்துச் சேற்றில் விழுந்து அப்படியே கிடந்தோம். குண்டு அராலிப் பக்கம் விழுந்தது. யாருடைய வீட்டிலோ.

முழங்கால் நோ, பாதம் விறைப்பு, மழைக்குளிர் என்றால் இரண்டும் இரட்டிப்பு. மீன் கப்பலில் ஐஸ் அறைக்குள் பாதி வாழ்க்கை நின்றதன் பரிசு. மயிலிட்டியில் இருந்தவரை சுடுமணலில் நடந்து சமாளித்தார். தொண்ணூறில் வீட்டை விட்டு ஓடிவந்து, இங்கே வட்டுக்கோட்டையில் பரமேசக்காவின் வளவில் கொட்டில் போட்ட பிறகு மாரிக்கு மாரி மோசம். நோக் குளிசை கிடையாது. மருந்துக்கு அரசாங்கத் தடை. கடைக்காரன் இல்லை என்று சொல்லவும் வாய் திறப்பதில்லை, கையை விரிக்கிறான்.

லூர்து, இவருடைய தங்கை, என் சேலைச் சேற்றைக் கழுவிக்கொண்டே அழுதாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராதவள். இப்போது அண்ணன்தான் அவளுக்கு எல்லாம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இந்த மனிதன் நடக்க வேண்டும். ஊர்கோலம் போக இல்லை. பங்கர் வரைக்கும்.

15 சனவரி, வெள்ளி

வெயில். நேற்றுப் பொங்கல். பரமேசக்கா பொங்கித் தந்த புக்கை இன்று காலையும். சர்க்கரை பெயருக்கு. அவவிலும் குற்றமில்லை.

பார்சல்! கிளாலிக் கடலால் படகில் வந்த ஒரு பெடியன் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். இவரோடு கப்பலில் இருந்த மாணிக்கம் கொழும்புக்கு வந்து கொடுத்துவிட்டிருக்கிறார். பெரிய பிஸ்கற் ரின். திறந்தால் ஒரே வேரும் தடியும் சருகும். சீன மருந்து, ஹொங்கொங் கடையில் கட்டியது.

"பனடோல் ரெண்டு அட்டை கொண்டந்தன் அம்மா, ஆமிச் சோதனையிலை அதைப் பறிச்சுப் போட்டாங்கள். உதைத் திறந்து மணந்து பாத்திட்டு, கறிச்சரக்கு எண்டு விட்டிட்டாங்கள்."

பெடியனுக்குத் தேத்தண்ணீர், ஒரு கடி பனங்கட்டி. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கலியாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

16 சனவரி

ரின்னுக்குள் உள்ளவை. இவர் சொல்லச் சொல்ல எழுதியது. கப்பலுக்குப் போனவன் எல்லாம் பாதி வைத்தியன்.

மஞ்சள் தடி. நம்முடைய அதிமதுரம்தான். சீனன் எல்லா மருந்திலும் போடுவானாம், நாங்கள் கறிக்கு உப்புப் போடுவது போல. நெடுகத் தின்றால் கால் வீங்கும், பிரஷர் ஏறும்.

சுக்கு. சுக்கேதான். சுக்கும் கப்பலேறி வரவேண்டிய காலம்.

ஜின்செங். கையும் காலும் வைத்த ஆள் மாதிரிக் கிழங்கு. களைப்புக்கு. நித்திரை வராதவர், பிரஷர்காரர் வேண்டாம்.

மா ஹுவாங். விளக்குமாற்று ஈர்க்கைத் துண்டு துண்டாக வெட்டியது போல. இழுப்புக்கு. கெதியில் கேட்குமாம். ஆனால் நெஞ்சு படபடக்கும், இருதய வருத்தக்காரர் தொடவே கூடாது.

தங்குவெய். வெள்ளை வேர், ஓமமும் மண்ணும் கலந்த மணம். பெண்களுக்கு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஆகாது. "உமக்கு இனித் தேவைப்படாது" என்று ஒரு இளிப்பு. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், எழுதவில்லை.

கறுப்புச் சீவல். பனங்கிழங்கு அவித்துக் காயவைத்த புளுக்கொடியலைக் கரியில் தோய்த்தது போல, கரையில் கண்ணாடி மினுக்கம். சீனப் பெயர் சொன்னார், என் எழுத்துக்குள் அடங்கவில்லை. காலுக்கு உள்ளது இதுதான்.

"குளிர் எலும்புக்குள்ளை இறங்கினவனுக்கு உது நெருப்பு. கப்பல் குசினிச் சீனன் எனக்கு ஒருக்கால் காய்ச்சித் தந்தவன். சுக்கும் அதிமதுரமும் சேத்து ரெண்டு மணித்தியாலம் கொதிக்க வேணும். பிறகு ஒரு சொட்டு நாக்கிலை வைச்சுப் பாக்க வேணும். நாக்கு விறைச்சால் இன்னும் அவியேல்லை."

"அவியாமல் குடிச்சால்?"

"நஞ்சு."

உப்புக் காணாது என்பது போலச் சொல்கிறார்.

18 சனவரி, திங்கள்

ஒரு சீவலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நாட்டு மருந்துப் பரியாரியாரிடம் போனேன். இவருக்குத் தெரியாது. பரியாரியார் மணந்து, உடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"உது நாவி எண்ட நஞ்சு வேரின்ரை இனம், பிள்ளை. நாங்களும் நாவி எடுக்கிறனாங்கள், சுத்தி செய்துதான். சீனன் எப்பிடிச் சுத்தி செய்தவன், எவ்வளவு செய்தவன், எனக்குத் தெரியாது. தெரியாத சரக்குக்கு நான் ஓம் எண்டும் சொல்லன், இல்லை எண்டும் சொல்லன்."

"அப்ப குடுக்கிறதோ விடுகிறதோ?"

"குடுக்காட்டி என்ன?"

"அடுத்த பொம்பருக்குச் சாவார்."

சீவலைத் திருப்பித் தந்தார். பிறகு, "நல்லா அவிய விடும். விறகைப் பாக்காதேயும்."

விறகைப் பார்க்காதேயாம்! ஒரு கட்டு விறகுக்கு எத்தனை வீட்டு வேலிக் கதியால் தடியை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பரியாரியாருக்கு யார் சொல்வது.

நாவி. அந்தச் சொல்லை லூர்துக்குச் சொல்லவில்லை. சொன்னால் ரின்னோடு கிணற்றில் போடுவாள். நல்ல சீன வேர் என்று மட்டும் சொன்னேன். காய்ச்சுவது நான், ருசி பார்ப்பது நான். அவளுக்கு எதற்கு?

20 சனவரி, புதன்

வாடைக் காற்று. மருந்து முதல் தரம் காய்ச்சினேன்.

மண்சட்டி, இரண்டு சீவல், சுக்கு, அதிமதுரம். விறகு காணாது என்று ஊமல் பொறுக்கி வைத்தேன். பனங்கொட்டைக் கோது, நின்று எரியும். மணிக்கூட்டுக்குப் பற்றறி இல்லை, இவருடைய கைக்கடிகாரம் போன வருஷமே அரிசியாகிவிட்டது. ஆகவே செபமாலை. நான் ஆறுதலாகச் சொன்னால் ஆறு செபமாலைக்கு இரண்டு மணித்தியாலம் சரியாக வரும், கோயிலில் சொல்லிப் பழகிய கணக்கு. மாதாவுக்கும் ஆயிற்று, சட்டிக்கும் ஆயிற்று. கடைசி மாலையில் மனம் செபத்தில் இல்லை, ஊமலில்.

இறக்கி, ஆறவைத்து, ஒரு சொட்டு நாக்கு நுனியில். காத்திருந்தேன். முதலில் சுக்கு உறைப்பு. பிறகு மெல்லிய சுணை, புளியங்காய் கடித்தது போல. மறுபடி அடுப்பில் ஏற்றி இன்னொரு மாலை. பிறகு ஒன்றுமில்லை. வெறும் கைப்பு.

இவர் ஒரே மடக்கில் குடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கிறீர்? செத்தால் சொல்லுவன்."

27 சனவரி, புதன்

பாதத்தில் சூடு தெரிகிறதாம். முதலில் நம்பவில்லை. என் கையால் பிடித்துப் பார்த்தேன். உண்மைதான். வருஷக்கணக்காகப் பிண மீன் போலக் குளிர்ந்து கிடந்த பாதம், இளஞ்சூடு.

கிணற்றடிக்குத் தடியோடு போய்வந்தார். தானே முகம் கழுவினார். லூர்து வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

எனக்கும் சந்தோஷம். இவ்வளவுதான் எழுதுகிறேன், கண் படும்.

2 பெப்ரவரி, செவ்வாய்

பகல் பொம்பர். மச்சாளும் நானும் அடுப்பை அணைத்துத் திரும்பினால் இவரைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால் பங்கருக்குள்ளே இருக்கிறார், எங்களுக்கு முன்னம்.

"என்ன, ரெண்டு பேரும் ஆறுதலா வாறியள்?"

மேலே பொம்பர் இரைகிறது, உள்ளே நாங்கள் மூன்று பேரும் சிரிக்கிறோம். பரமேசக்கா கந்தசஷ்டிக் கவசத்தை நிறுத்திவிட்டு எங்களை முறைத்தா.

ஒழுங்கையில் ஒரு கதை ஓடுகிறதாம்: "பிளேனும் சீனன்ரையாம், மருந்தும் சீனன்ரையாம். ஒரு கையாலை அடிக்கிறான், மற்றக் கையாலை தடவுறான்."

6 பெப்ரவரி, சனி

வளவு சந்தையாகிவிட்டது. இவர், ஊருக்குச் சூசையண்ணை, நடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒவ்வொருவராக. தலையிடிக்கு இருக்கோ, சலத்தில் சீனிக்கு இருக்கோ, பிள்ளை இல்லாததற்கு இருக்கோ. இவர் கொட்டில் வாசலில் உட்கார்ந்து பெரிய டொக்டர் மாதிரித் தலையாட்டுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் கேட்க.

ஆனால் லூர்துவின் கை சும்மா இருக்காது. கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத பிறவி. எனக்குத் தெரியாமல் பரமேசக்காவுக்கு ஜின்செங் ஒரு துண்டு. அக்கா பிரஷர்காரி. நேற்று முழுக்கக் கண் மூடவில்லை, நெஞ்சுக்குள் உரல் இடிக்கிற மாதிரி இருந்தது என்று காலையில் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றா. நல்ல காலம், அதோடு போயிற்று.

"பாவம் மச்சாள், மனுசி களைச்சுப் போய்க் கிடந்தது" என்கிறாள் லூர்து.

"பாவம் பாத்து ஆளைக் கொல்லாதை."

சொன்ன பிறகு ஒரு மாதிரியாக இருந்தது. அவள் நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. ரின்னை எடுத்து என் றங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். பூட்டு இல்லை.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் செல்வியும் வந்தாள். அவளுடைய அப்பு, தகப்பன் கந்தையருக்கு இடுப்புக்குக் கீழே இவரைப் போலவே விறைப்பு, அவள் தனியாள். பங்கருக்கு அவரைச் சாக்கில் வைத்து இழுக்கிறாள். "எனக்கு அந்தக் கறுப்பு மட்டும் கொஞ்சம் தாங்கோ அக்கா." அவளுக்கு மறுக்கத்தான் கஷ்டமாக இருந்தது. மறுத்தேன்.

10 பெப்ரவரி

நாளைக்கு லூர்து மாதா திருநாள், மச்சாளின் பெயர் நாள். கோயிலுக்கு வர நடப்பாராம் இவர். நடக்கட்டும். பனங்கட்டி கொஞ்சம் கிடக்கிறது, தேங்காய் பாதி. ஏதாவது செய்ய வேண்டும், கோபத்தை ஆற்ற.

14 பெப்ரவரி, ஞாயிறு

இவர் இல்லை.

எழுதத்தான் வேண்டும். யாரிடமும் சொல்லப் போவதில்லை, அதனால் இங்கே.

வியாழன். பூசைக்குப் போய்வந்தோம். இவர் தடியோடு நடந்தே வந்தார், வழியில் இரண்டு இடத்தில் இருந்து இளைப்பாறி. வந்ததும் மருந்துச் சட்டியை ஏற்றினேன். இரண்டாவது செபமாலை நடுவில் பொம்பர். சட்டியை இறக்கினேன், மூடினேன், அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றினேன். கை தானாகச் செய்கிற வேலை. ஓடினோம். இவரும் எங்களோடு ஓடினார், ஓடினார் என்றே சொல்லலாம்.

குண்டு பின் ஒழுங்கையில். பங்கருக்குள் மண் கொட்டியது. பொம்பர் போனதும் ஐயோ என்று சத்தம், ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று. நான் ஏறி அப்படியே ஓடிவிட்டேன். சுவர் விழுந்து ஒரு தாய் அகப்பட்டிருந்தா. கல்லைப் புரட்டி, சேலையைக் கிழித்துக் கட்டி. அவ தப்பிவிட்டா. அதைக் கேட்கும் போதெல்லாம் என் மனம் நல்ல மனமாக இல்லை.

திரும்பி வந்தேன். இவர் பாயில். முகம் வேர்த்து, சுண்ணாம்பு மாதிரி.

"நாக்கு விறைக்குது, பிலோ. கையும்."

குசினிக்குள் பார்த்தேன். சட்டி வெறுமை. சீவல் மட்டும் அடியில்.

லூர்து சொன்னாள்: "அண்ணை குளிர்ந்து நடுங்கினவர். மருந்து இறக்கி மூடிக் கிடந்தது. வடிச்சுக் குடுத்தனான்." பனங்கட்டியும் போட்டுக் கொடுத்திருக்கிறாள், கைப்புத் தெரியாமல். தன் பெயர் நாளுக்காக நான் வைத்திருந்த பனங்கட்டி.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தேன். பரமேசக்காவின் மகன் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் வாந்தி. நாடியைப் பிடித்தால் ஓடும், நிற்கும், மறுபடி எங்கோ ஓடும். லூர்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு "அண்ணை, அண்ணை" என்று. இவர் என்னையே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு எழவில்லை என்று இப்போது விளங்குகிறது.

சின்ன வயது டொக்டர். இருந்த ஊசியை எல்லாம் போட்டுப் பார்த்தார். நெஞ்சை அமத்தி அமத்தி அவருக்கே மூச்சு வாங்கியது. அந்தப் பிள்ளையில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். சொன்னேன். சட்டி அடியில் கிடந்த சீவல் ஒன்றை மடியில் முடிந்து வந்திருந்தேன், காட்டினேன்.

"அவிஞ்சது காணாது அம்மா. அரைவாசி அவிஞ்சால் உது நஞ்சுதான். மிச்சம் இருந்தால் எரிச்சுப் போடுங்கோ. ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ."

வெளியே வந்தேன். லூர்து வாங்கில் இருந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மச்சாள் சொல்லுறார்? மருந்து ஒத்துக்கொள்ளேல்லையோ? நான் குடுத்ததாலையோ?"

"இல்லை. பொம்பர் அதிர்ச்சி. இருதயம் நிண்டிட்டுது."

எங்கிருந்து வந்ததென்று தெரியாது. வாய் சொல்லிவிட்டது. அவள் அப்படியே என் தோளில் விழுந்து அழுதாள். அதில் ஒரு ஆறுதலும் இருந்தது, எனக்குக் கேட்டது.

வெள்ளி அடக்கம். மயிலிட்டிச் சேமக்காலையில் தாய் தகப்பனோடு கிடக்க ஆசைப்பட்ட மனிதன். இங்கே முன்பின் தெரியாதவர்களின் நடுவில்.

17 பெப்ரவரி

சனம் வருகிறது, போகிறது. எல்லோரும் அதையே சொல்கிறார்கள். பொம்பர் அதிர்ச்சி. "நடக்கத் தொடங்கின மனுசன், பாவி பறிச்சுப் போட்டான்." நான் தலையாட்டுகிறேன். பொய்யும் நாலு பேர் சொல்லும்போது உண்மையின் உடுப்பைப் போட்டுக்கொள்கிறது.

நாவி என்று அவளிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால். சட்டி இறக்கிக் கிடக்கிறது, தொடாதே என்று பங்கருக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். ஆள் வேண்டும் என்று கத்தினார்கள், ஓடினேன். வேறு என்ன செய்வது?

இவர் மேல் எனக்குக் கோபம். செத்தால் சொல்லுவன் என்றவர்.

24 பெப்ரவரி, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல். மண்ணாயிருக்கிறாய் என்று சுவாமியார் சொல்லும்போது லூர்து என் கையை இறுக்கினாள். ஒரு நேரச் சாப்பாடு. தபசுகாலம் எங்களுக்குப் புதிதா என்ன.

டொக்டர் சொன்னபடி எரிக்க வேண்டுமென்று இன்றைக்குத்தான் எழும்ப முடிந்தது. றங்குப் பெட்டியில் ரின் இல்லை. செத்தவீட்டில் ஆட்கள் வந்து போன நாட்களில் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது.

"ரின் எங்கை?"

"நான் பத்திரமா எடுத்து வைச்சிருக்கிறன் மச்சாள். அண்ணையை நடக்க வைச்ச மருந்து. கண்டவையும் எடுத்துப் போடுவினம்."

"தா, எரிக்க வேணும்."

"ஐயோ, ஏன் எரிக்கிறது?"

ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவளை உயிரோடு புதைத்த மாதிரி. அண்ணனின் பழைய சட்டையைத் தலையணைக்கு உறையாகப் போட்டுப் படுக்கிறவள். நாளைக்குப் பார்ப்போம், அவள் கிணற்றடிக்குப் போகும்போது தேடி எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

26 பெப்ரவரி

தேடினேன். அரிசிப் பானைக்குள் இல்லை, விறகுக்குப் பின்னால் இல்லை, மாதா சுரூபத்துக்குப் பின்னால் இல்லை. எங்கே வைத்தாளோ. ஹெலி ஒன்று தாழப் பறந்தது. பங்கருக்குப் போகவில்லை, அலுப்பு.

1 மார்ச், திங்கள்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. லூர்து இன்று கொஞ்சம் முகம் தெளிந்து இருக்கிறாள். காலையில் எங்கேயோ போய்வந்தாள். கேட்டதற்குச் சும்மா என்றாள். நானும் விட்டுவிட்டேன். ரொட்டி சுட்டாள், நல்லாயிருந்தது என்று சொன்னேன்.

3 மார்ச், புதன்

கையில் துணி சுற்றியிருக்கிறது. எழுத்து வாசிக்க முடியாமல் போகலாம்.

காலை. தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்கும்போது லூர்து தானாகச் சொன்னாள்.

"மச்சாள், கோபிக்காதேங்கோ. செல்வியின்ரை அப்புவுக்கு அந்தக் கறுப்பு வேரிலை ஒரு பிடி குடுத்தனான். அண்ணையின்ரை பேரிலை ஒரு புண்ணியமாக் கிடக்கட்டும். இண்டைக்குத்தான் காய்ச்சுறாளாம்."

வாளியை விட்டது தெரியும். ஓடினது தெரியும். வேலிக் கம்பி கிழித்தது பிறகுதான் தெரிந்தது.

செல்வி வீட்டில் சட்டி அடுப்பில் இல்லை. இறக்கி வைத்திருக்கிறாள், கோப்பை பக்கத்தில். கந்தையர் சுவரோடு சாய்ந்து குடிக்கக் காத்துக்கொண்டிருக்கிறார்.

"எவ்வளவு நேரம் கொதிச்சது?"

"நல்லாக் கொதிச்சது அக்கா. மூண்டு தரம் பொங்கினது."

சட்டியை எடுத்துச் சாம்பலில் கவிழ்த்தேன். புகையும் சாம்பலும் கூரை மட்டும் எழும்பியது. செல்வி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்களுக்கென்ன விசரோ? உங்கடை மனுசன் நடந்தவர்தானே! என்ரை அப்பு நடக்கப்படாதோ?"

"அது நாவி. அவியாத நாவி. என்ரை மனுசன் அதைக் குடிச்சுத்தான் செத்தவர்."

அவள் கை விழுந்தது. கந்தையர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப எனக்கு உந்தச் சாக்குத்தான்" என்றார், யாரிடமும் இல்லை.

திரும்பினேன். லூர்து வேலிப் படலையில் நிற்கிறாள். என் பின்னால் ஓடி வந்திருக்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

என்னோடு நடந்து வந்தாள். வீட்டுக்கு வந்து, கூரை இறப்பு ஓலைக்குள்ளிருந்து ரின்னை எடுத்து என் முன்னால் வைத்தாள். நானே அடுப்பு மூட்டினேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். கறுப்பை மட்டுமல்ல, எல்லாவற்றையும். ஈர்க்கு வெடித்து எரிந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவிஞ்சதோ இல்லையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும், மச்சாள்?"

"உனக்குத் தெரியாது. நான் சொல்லேல்லை. பிழை என்ரை."

தலையை ஆட்டினாள். அழவில்லை. அழுதால் தாங்கலாம்.

பிறகு, நெருப்பைப் பார்த்தபடி சொன்னாள்:

"கோப்பையைக் கையிலை வைச்சுக்கொண்டு அண்ணை கேட்டவர். பிலோவோ இறக்கி வைச்சது எண்டு. நான் ஓம் எண்டனான். பிறகுதான் குடிச்சவர்."

அவள் பொய் சொல்லவில்லை. நான்தான் இறக்கி வைத்தேன்.